ஈரக்குலையின் தற்போதைய நிலை

போகோத்தாவிலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான்.
எங்கள் முதல் கேசட்டை இசைத்தட்டாகப் போடுகிறானாம்,
முந்நூறு பிரதி, ரத்தச் சிவப்பில்.
கூடவே ஒரு படிவம்:
தோன்றிய ஆண்டு, ஊர், உறுப்பினர், பாடல்வரிகள்,
தற்போதைய நிலை.

தோன்றியது தொண்ணூற்றெட்டு.
ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பிற்பாடு அரசாங்கம்
பெயரை மாற்றிக்கொண்டது, நாங்கள் மாற்றவில்லை.
ஒத்திகை, பிள்ளைகளில்லாமல் பூட்டிய ஆயாக்கொட்டகையில்.
உத்தரத்தில் தொட்டில் கயிறு தேய்த்த பள்ளங்கள்;
அதில்தான் மைக்கைத் தொங்கவிட்டோம்.

மேகவர்ணன் டிரம்ஸ். வேலை ஆலைக் கொதிகலனில்.
எப்படி இந்த அடி என்று கோலாலம்பூர்ப் பையன்கள் கேட்டால்
செம்பனை லாரி கொட்டும்போது
பக்கத்தில் நில்லுடா என்பான்.
ஆ கியோங் கிதார், சைக்கிள் கடைக்காரர் மகன்,
தமிழில் கெட்ட வார்த்தை மட்டும் இலக்கணச் சுத்தம்.
நான் பேஸ். நாலு கம்பியில் மூன்று.
குரல் அமலதாசன்.

அந்தக் குரலை எப்படிச் சொல்ல.
ஐந்தடி இரண்டங்குலம், ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவன்,
மைக்கில் வாய் வைத்தால்
சாக்கடைக் குழாயில் பன்றி சிக்கிய மாதிரி.
அம்மா மருந்தடிக்கும் கும்பலில் இருபது வருடம்.
"அவங்க வயித்திலயே என் தொண்டை வெந்துபோச்சு"
என்பான், சிரித்துக்கொண்டு.
பெயரும் அவன் வைத்தது.
லாரியில் ஏறுவதும் குலை,
உள்ளே நடுங்குவதும் குலை.

முதல் மேடை கிள்ளான், பேட்மிண்டன் அரங்கு, பதினாறு பேர்.
ஆளுக்கு ஏழு வெள்ளி, ஒரு பொட்டலம் மீகூன்.
ஈப்போவில் அறுபது பேர், மீகூன் இல்லை.
மூன்றாவது நடக்கவில்லை;
கறுப்புச் சட்டைக்காரனையெல்லாம் வேனில் ஏற்றிய வருடம்.
கோழி ரத்தம் குடிப்பீர்களாமே, கேட்டார் இன்ஸ்பெக்டர்.
ஆ கியோங் யோசித்தான்:
வறுத்துத்தான் சாப்பிடுவோம் டுவான், வெங்காயம் போட்டு.
அதற்கு ஓர் அறை.

இரண்டாயிரத்து நான்கில் ஆல்பம், 'பெரட்டில் பிணங்கள்'.
பதினோரு பாட்டு, இருபத்தாறு நிமிடம்.
ஜெர்மனிக்கு நாற்பது போனது, உள்ளூரில் மூன்று.
அதிலொன்றை மேகவர்ணனின் தங்கை
கீரைப் பாத்தியில் தொங்கவிட்டாள்.
குருவிகள் வரவில்லை. நல்ல விமர்சனம்.

அப்புறம் ஆ கியோங் பினாங்கில் ஏர்கான் பொருத்தப் போனான்.
டிரம் செட்டில் பாதி அடகுக்கு, மீதி வெள்ளத்துக்கு.
அமலதாசன் ஜொகூரில் தங்கி
மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தான்.
பதினொன்றாம் வருடம், விடிகாலை, பாலத்துக்கு முன், கண்டெய்னர் லாரி.
பதின்மூன்று வருடம் சதை கிழிவதை மட்டுமே பாடியவர்கள்
பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றோம்.

இப்போது பாடல்வரிகள் கேட்கிறான் போகோத்தாக்காரன்.
அமலன் எதையும் எழுதி வைத்ததில்லை.
நேற்று நானும் மேகவர்ணனும்
கேசட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டோம்.
வெறும் உறுமல். நெடுநேரம் கழித்து
மீனுக்குள் முள் தட்டுவதுபோல் ஓர் எழுத்து, இன்னொன்று.
மூன்றாம் பாட்டு, 'குடல் மாலை' என்று நாங்கள் போட்டது:

லயத்து வீடு எண் பதினான்கு.
முப்பது நாளில் காலி செய்யவும்.
கதவு, சன்னல், தண்ணீர்க் குழாய்
கம்பெனிச் சொத்து.

கிராணி ஒட்டிப்போன நோட்டீஸ், தேதிவரைக்கும் அப்படியே.
பிறகு எண்கள் மட்டும்.
பதினைந்து. பதினாறு. பதினேழு என் வீடு.
கடைசிக் கதவுவரை போய்
அங்கேதான் அந்தக் கத்தல்.

மேகவர்ணன் பட்டனை அமுக்கினான்.
"நான் அடிச்சது தப்புடா.
நம்பருக்கு ஒரு அடி வெச்சிருக்கணும்."

படிவத்தில் மூன்று கட்டம்:
இயங்குகிறது, ஓய்வில், கலைந்தது.
ஆலைச் சங்கு ஊதியது. அவன் ஹெல்மெட்டைத் தேடினான்,
எனக்கும் எடைமேடையில் லாரிகள் நிற்கும்.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
இரவு ஷிப்ட்.