நாற்பத்திரண்டு கிராம்

ரேவி நெல்சன் படகுத்துறையிலிருந்து கொண்டுவந்தான்,
பந்தயப் படகு ஒன்றுக்கு வெட்டியதில் மீந்ததை,
பழைய காலண்டர் தாளில் சுருட்டி.
ஒரு கை அகலம். ஆளைவிடச் சற்றே நீளம்.
விரித்தேன்.
கொட்டகை விளக்கின் வெளிச்சம்
அதன்மேல் குறுக்குச் சாய்வாக ஓடியது.
பின்னலுக்குள் விலாங்கின் முதுகு
ஒருமுறை புரண்டு அடங்கியது.

“எதற்கு இது?” என்றாள் பெர்னாடெட்.
“பலகையின் உறுதிக்கு.”
மருத்துவமனையில் பத்து வருடமாக
ரத்தத் துளிகளை எண்ணுகிறவள் அவள்,
பொய் எவ்வளவு நீர்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.
சமையல் தராசைத் தூக்கிவந்து
துணியை மடித்து வைத்தாள்.
நாற்பத்திரண்டு கிராம்.
“சரி, அழகுக்குத்தான்” என்றேன்.
கொட்டகைச் சுவரில் பென்சிலால் எழுதினாள்:
42 கிராம், அழகுக்கு.

வெஸ்ட்போர்ட்டுக்குக் கரி புதிதில்லை.
மலையைக் குடைந்து கப்பலேற்றிய ஊர்.
என் அடுப்பில் இன்றும் எரிவது அதுதான்.
“அந்தக் கரிக்கும் இந்தக் கார்பனுக்கும்
பங்காளிச் சண்டைகூடக் கிடையாது” என்றான் ரேவி.
இருந்தாலும்
துணியைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டேன்,
கறுத்திருக்கிறதா என்று.

முதலில் மேல்பக்கம் ஒட்டத்தான் ஆசை,
நடுநெற்றி நாமம் போல, நிற்கிற இடத்தில்.
ஒரு துண்டு நுரைக்கட்டையில் ஒட்டி
ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது
தடவியிருந்த மெழுகு சுவரில் வழிந்து
பூனைத் தட்டில் தேங்கிக் கிடந்தது.
கறுப்பு வெயிலை விடுவதில்லை.
அடியில் நுரை விட்டுக்கொடுத்து
ஓரிடத்தில் கொப்பளித்திருந்தது.

ஆக, அடிப்பக்கம்.
தண்ணீரைப் பார்த்தபடி.
“யார் பார்க்கப்போகிறார்கள் அங்கே?”
பெர்னாடெட்டின் கேள்விக்கு
உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி இழைத் துணி நல்ல பிள்ளை.
பிசின் பட்டதும் இருக்கிற இடம் தெரியாது;
வெள்ளை போய் வெறும் ஈரமாகிவிடும்,
எங்கே நனையவில்லையோ அங்கே மட்டும்
“இங்கே, இங்கே” என்று வெளுத்துக் காட்டும்.
கார்பன் அப்படியில்லை.
காய்ந்தாலும் கறுப்பு, நனைந்தாலும் கறுப்பு.
உள்ளே குடித்ததா, உதட்டில் வைத்துத் துப்பியதா
சொல்லவே சொல்லாது.
விரலால் இழுத்தால் பின்னல் கோணும்,
கோணினால் கடைசிவரை கோணல்.
இருபது நிமிடத்தில் பிசின் சூடேறும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வாலிலிருந்து மூக்குவரை ஒரே இழுப்பு.
பாதிவழியில் தும்மல் வந்தது.
அந்த இடத்தில் இன்றும் ஒரு நெளிவு,
எனக்கும் ரேவிக்கும் மட்டும் தெரிந்தது,
இப்போது உங்களுக்கும்.

காய்ந்தபின் குப்புறப் போட்டு
அரைமணி நேரம் சும்மா பார்த்தேன்.
பலகை வேகமாகத் தெரிந்தது,
முக்காலிகள்மேல் அசையாமல் கிடந்தே.

டௌரங்கா விரிகுடா. சனிக்கிழமை.
பாறைகளில் கடல்நாய்கள் வயிறு காட்டிக் கிடந்தன.
துடுப்படித்துப் போகையில் ஒரு குட்டி
பலகைக்கு அடியில் மல்லாந்து நீந்தி வந்தது,
மீசையோடு, நிதானமாக,
மூக்கிலிருந்து வால்வரை படித்தது.
தும்மலிடம் வந்ததும்
நின்றதாக எனக்குப் பட்டது.

முதல் அலையில் எழுந்தேன், விழுந்தேன்.
பலகை எகிறிப் புரண்டு
கறுப்பு வயிற்றை வானத்துக்குக் காட்டியது.
கரையில் யாரோ விசிலடித்தார்கள்.
இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில்
எழவேகூட இல்லை.
மூக்கில் உப்பு எரிய, இருமலுக்கு நடுவே
மெல்ல உறைத்தது:
நான் விழும்போது மட்டும் தெரிகிற இடத்தில்
அழகை ஒட்டி வைத்திருக்கிறேன்.

மணலில் ஏறியதும் ஒரு பையன் ஓடிவந்தான்.
“அது கார்பனா?”
“ஆமாம்.”
“அடேயப்பா! எல்லா தடவையும் பார்த்தேன்.”

சாயங்காலம் பலகையைக் கொட்டகையில் சாய்த்தபோது
சுவரில் பழைய எழுத்துக்குக் கீழே
பெர்னாடெட் ஒரு வரி சேர்த்திருந்தாள்,
தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு:
பதினேழு முறை தெரிந்தது.