ஐந்தாம் கூடு

படிவம் இலவசம். நிரப்பித் தர இருநூறு.
பதுளைக் கச்சேரிக்கு எதிரே, குடைக்கடை வாசலில்
ஜெமீல்தீன் நானா உட்கார்ந்திருப்பார்
முழங்காலில் ஒரு பலகையோடு.

முதல் கூட்டில் பேர்: சின்னப்பன் தெய்வகலா.
இரண்டில் அடையாள அட்டை எண்.
மூன்றில் என்ன துவக்கு: ஒற்றைக்குழல்.
நாலில் எதற்கு.
பன்றிக்கு என்றேன்.
"பயிர்ப் பாதுகாப்புன்னு போடணும், தங்கச்சி."

ஐந்தில் பேனை நின்றது.
நிரந்தர வதிவிடம்.

கார்ன்வுட் தோட்டம், கீழ்ப்பிரிவு,
மூன்றாம் லயம், தொங்கல் காம்பிரா.
வாக்காளர் இடாப்பில் அப்படித்தான் இருக்கிறது.
அந்த லயத்தின் மேலே இப்போது முப்பதடி மண்,
மண்ணின் மேலே மானாப்புல்.
இரண்டு ஐப்பசிக்கு முன்னால்
மலை இறங்கி வந்த காலை
நான் பிரட்டில் நின்றேன்.
அவர் இராக்காவல் முடித்துப் படுத்திருந்தார்.

இப்போது நான் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
மாட்டுப்பட்டி மேட்டில், தகரக் கொட்டில்.
'தற்காலிகம்' என்று பலகை வைத்தார்கள்.
பலகை மக்கிவிட்டது.

இந்தக் கரை கிராம சேவகர் சொன்னார்:
உன் லயம் என் பிரிவில், நீ அதில் இல்லை.
அந்தக் கரை கிராம சேவகி சொன்னாள்:
நீ என் பிரிவில், உன் பேர் இல்லை.
கெட்டவர்கள் இல்லை.
அவள் தேத்தண்ணி கூடத் தந்தாள்.

கரண்ட் பில் துரை பேரில்.
தண்ணீர் பீலியில் விழுகிறது, அதற்குப் பில் கிடையாது.
கடிதம் ஆபீஸ் வரைக்கும்தான் வரும்.
செக்ரோலைக் காட்டினேன், நானூற்றுப் பதினெட்டு,
பத்தொன்பது வருசத்துக் கொழுந்து.
"இது நீ வேலை செய்வதற்கு அத்தாட்சி,
இருப்பதற்கு இல்லையே."

அவருக்குச் சிக்கல் இல்லை.
மரணச் சான்றிதழில்
பிழையில்லாமல் எழுதியிருக்கிறது:
மூன்றாம் லயம், தொங்கல் காம்பிரா.

பன்றிக்கு இதெல்லாம் தெரியாது.
ஆற்றை எந்த இடத்தில் கடந்தாலும்
அதற்கு ஒரே பிரிவு.
கைமாற்று வாங்கி நட்ட நானூறு கோவாவில்
ஒரு கிழமைக்குள் முந்நூற்றைம்பதைக் கிளறிப் போட்டது.
லீக்ஸை மட்டும் தொடவில்லை. விலையில்லாத லீக்ஸ்.

கமநல ஆபீஸிலிருந்து பத்மராணி மிஸ் வந்தார்
அளவு நாடாவோடும் பூப்போட்ட குடையோடும்.
"அட்டை இருக்கா?" என்றார்.
இருக்கு மிஸ், உங்க கணுக்காலில்.
அலறிவிட்டுச் சிரித்தார். சவர்க்காரம் தேய்த்து எடுத்தேன்.
பிறகு குளம்படிகளை எண்ணினார்,
வேலி இடைவெளியை அளந்தார்,
ஈரக் கையோடு எழுதினார்:

'மாட்டுப்பட்டி மேடு, பதினோராம் இலக்கத்தில்
வசிக்கும் சி. தெய்வகலாவின் காணியில்
காட்டுப்பன்றிகள் புகுந்து...'

மிச்சத்தை நான் வாசிக்கவில்லை.
வசிக்கும்.
கீழே நீல முத்திரை, பாதி பதிந்து.

நானா அந்தக் கடிதத்தைப் பார்த்து
ஐந்தாம் கூட்டை நிரப்பினார்.
கூடு சின்னது. 'மேடு' வெளியே போய் விழுந்தது.
கிராம சேவகி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
கையெழுத்து வைத்தாள்.
யார் சாட்சி என்று அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

இனிப் பொலிஸ் வந்து பார்க்க வேண்டுமாம்,
துவக்கை எங்கே பூட்டி வைப்பேன் என்று.
எண்ணூற்றைம்பது ரூபாய்க்குப் பூட்டு வாங்கினேன்.
கொட்டில் கதவில் கொண்டி இல்லை.

நேற்று இரவு வந்தது.
உறுமல் கேட்டுத் தகர மூடியோடு எழுந்து போனேன்.
எட்டாம் வரிசையில் தலையைக் கவிழ்த்து
தன் பாட்டில் தோண்டிக்கொண்டிருந்தது,
இங்கேயே பிறந்தது போல.
கொஞ்ச நேரம் தட்டாமல் நின்றேன்.

பிறகு தட்டினேன்.
இன்னும் முப்பது கோவா இருக்கிறது.