பொறி எண் பதினொன்று

பள்ளத்தூர் வீட்டில் முப்பத்தாறு பொறிகள் வைத்தேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் தீப்பெட்டி அளவில் ஓர் உணரி.
கதவு விழுந்தால் சொல்லும், எடை சொல்லும்,
உள்ளே அசைவு இருக்கிறதா என்றும் சொல்லும்.
நேராக என்னிடம் அல்ல.
பக்கத்து அறை உணரியிடம்,
அது அடுத்ததிடம்,
கைமாறிக் கைமாறி
முகப்பில் இருக்கும் பெட்டிக்கு வந்து
அங்கிருந்து காரைக்குடியில்
என் தலைமாட்டுக் கைபேசிக்கு.

பதினான்கு பங்காளிகள் அந்த வீட்டுக்கு.
வயிரவன் பங்குக்கும் அழகப்பன் பங்குக்கும்
இரண்டு தலைமுறையாகப் பேச்சில்லை.
அவர்கள் அறைச் சுவரைத் தாண்டி
உணரிகள் பேசிக்கொண்டன
முதல் இரவிலேயே.

கப்பல் எலி என்றேன் கூட்டத்தில்,
நம் மண்ணில் பிறந்த இனமில்லை.
"தேக்கும் அப்படித்தானே வந்துச்சு?" என்றார் சோலையாச்சி.
"ரசீது இல்லாம வந்த சரக்கு இது ஒண்ணுதான்."
எல்லோரும் சிரித்தார்கள்.
வயிரவனும் அழகப்பனும்கூட,
வேறு வேறு பக்கம் பார்த்து.

படைப்புக்கு எல்லாக் கதவும் திறந்த நாளில்தான்
உள்ளே வைக்க முடிந்தது. மறுநாள்
சாவிகள் கிளம்பிப் போயின
சென்னைக்கு, கோவைக்கு, ஈப்போவுக்கு.

ஆனியில் ஒரு செவ்வாய், இரவு இரண்டு பத்து.
பொறி பதினொன்று. மூடியது.
எடை இருநூற்றுப் பத்து கிராம்.
அசைவு உண்டு.

வயிரவன் அறை.
காவலுக்கு இருக்கும் சின்னமுத்து பூட்டைத் தொட மறுத்தார்,
"எலிக்காக ஒடைச்சேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல?"
ஈப்போவில் மணி அடித்து அடித்து நின்றது.
அழகப்பனிடம் மாற்றுச்சாவி உண்டு என்று ஊரில் பேச்சு.
கேட்டேன். "எங்கிட்ட ஏது" என்றார்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

புதன். அசைவு உண்டு. இருநூற்று மூன்று.
வியாழன். உண்டு. நூற்றுத் தொண்ணூறு.
கானாடுகாத்தானில் வேறொரு வீட்டுக்கு
வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.
மதியச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம்
சட்டைப்பையில் அதிரும்.
கொல்லத்தான் வைத்தேன், தெரியும்.
கொல்வதற்கும் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் நடுவே
முன்பெல்லாம் ஒரு சுவர் இருந்தது.

வெள்ளி விடிகாலை ஒரே வரி.
அசைவு இல்லை.
அதைப் பதினொன்று அழகப்பன் அறையிடம் சொல்ல,
அழகப்பன் அறை இரண்டாங்கட்டிடம் சொல்ல,
ஒரு சொல் குறையாமல்
வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் ஈப்போவிலிருந்து அழைப்பு.
"எலிதானே?"
எலிதான்.
"நாத்தம் வருமா?"
வரும், ஆனால் காற்று வாக்கில்
முதலில் அழகப்பன் பங்குக்குத்தான் என்றேன்.
சற்று நேரம் அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்,
"அவன் நம்பர் இருக்கா ஒங்ககிட்ட?"