அலுமாரிக்குப் பின்னால்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
கடைசிக் கட்டடம், மூன்றாம் மாடி.
வாடகை ஏன் குறைவென்று கேட்டோம்.
"சுவர் நேரில்லை" என்றார் தரகர்,
ஏதோ குடும்ப ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தி.

நேரில்லைதான்.
வரைந்தவள் மர்ழியா.
தாழம்புதரைப் பார்த்துத் தூண்களை ஊன்றியிருந்தாள்,
ஒன்றின் சாய்வு மற்றதற்கு இல்லை.
படிகளைச் சங்கின் உள்ளிருந்து எடுத்தாளாம்:
ஏறும்போது மூச்சு வாங்குவது
எனக்கா படிக்கா என்று பிடிபடாது.
ரசமட்டத்தைச் சாக்கில் சுற்றிவைத்துவிட்டுத்தான்
மேசன்மார் வேலைக்கு நின்றார்கள் என்று
கீழ்வீட்டு டிலானி சிரித்தாள்.
அவள் வீட்டில் கலண்டர்
ஆணியில் தொங்கிக் காற்றிலேயே ஆடுகிறது.

எங்கள் அலுமாரி தேக்கு. என் சீதனம்.
நேர் முதுகு, வளைந்து பழக்கமில்லை.
சுவரோ வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.
நகர்த்தி நகர்த்தி நிலத்தில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.
கடைசியில் ஒரு பக்கம் தோள் முட்டி
மறுபக்கம் ஒன்றரை முழம் விலகி
கதைபேச்சற்ற சகலன்மார்போல் நின்றுகொண்டன
இரண்டும்.

அந்த இடைவெளிக்குள் முதலில் விழுந்தது
கரண்ட் பில்.
பிறகு சீப்பு.
பிறகு யதுர்சன், கணக்குப் பேப்பரோடு,
நாற்பத்தொரு புள்ளியை யாரும் கேட்காத இடம் தேடி.
மார்கழியில் யார் வீட்டுப் பூனையோ
மூன்று குட்டி போட்டது.

கம்பனி ஆட்களைக் குறைத்த கிழமை,
நடுச்சாமம் விழித்தால் பக்கத்தில் இவரில்லை.
தேடினேன்.
அலுமாரிக்குப் பின்னால்
சுவரின் வளைவில் முதுகைக் கொடுத்து நின்றார்.
சுவர் அவருக்கு அளவாக இருந்தது,
தைத்துக் கொடுத்ததுபோல.
நான் லைட்டைப் போடவில்லை.
தண்ணீர் குடிக்க வந்தவள்போல
தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

போன சனிக்கிழமை மர்ழியா வந்தாள்,
உப்புக்காற்றில் பொரிந்த பூச்சைப் பார்க்க.
நினைத்ததைவிடக் கட்டை.
செருப்பில் சீமெந்து.
எதையும் அளக்கவில்லை,
இடைவெளிக்குள் கையை மட்டும் விட்டு
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்,
பசு மாட்டின் விலாவில் வைப்பதுபோல.

"எல்லாரும் முறைப்பாடு.
வேணுமெண்டா இந்த இடத்த நிரப்பி
நேராக்கித் தாறன், காசு வேணாம்."

வேண்டாம் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும்,
குசினியிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார்.

அப்போது காலி ரயில் போனது.
கட்டடம் ஒருமுறை சிலிர்த்தது.
உள்ளே எங்கோ
அந்தச் சீப்பு நகர்ந்தது கேட்டது.