காணப்படவில்லை

டர்பன், உம்பிலோ சாலை, புதன்கிழமை.
கீழே மினிபஸ்கள் ஹாரனால் ஆள் கூப்பிடுகின்றன.
என் கண்ணுக்கடியில் தனபாலன் படையாச்சியின் மணிக்கட்டு,
சுரண்டியெடுத்து
சாயத்தில் நீலமாக்கிய ஓர் அரிசியளவு.

நமீபியாவில் பாறை துளைக்கும் வேலை அவருக்கு.
டாஸிகள் பதுங்கும் இடுக்குகளின் பக்கத்தில் கூடாரம்.
மணல் ஈயை அவர் பார்த்ததேயில்லை,
அது ரீங்கரிக்கவும் இல்லை.
பார்த்தது ஐந்து மாதம் கழித்தும் ஆறாத புண்ணை.
விளிம்பு தடித்தது, வலியே இல்லாதது.
வலிக்காததால்தான் ஐந்து மாதம்.

கிருமியைத் தின்னவேண்டிய செல்லுக்குள்
தின்னப்படாமல் குந்தியிருக்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி,
பக்கத்தில் குட்டியாய் ஒரு கோடு.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கியவள் நான்.
மிச்சமிருப்பது இவ்வளவுதான்:
புள்ளி வைத்தால் மெய்.
மெய் என்றால் உடம்பு,
உண்மைக்கும் அதே சொல்.

தாழ்வாரத்தில் மறித்தார்.
ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்லவேண்டும், அது விதி.
அவர் ரிசல்ட் கேட்கவில்லை.
“உள்ளே போகுமா, சிஸ்டர்?”
கை சட்டைக்கு மேலே, வலது அடிவயிற்றில்.
ஆறு வருடமாய் அங்கே இருக்கிறது
தங்கை ரூபாவதியின் சிறுநீரகம்.
விருந்தாளியைக் கடிக்காமலிருக்க
நாயைக் கட்டிப்போடும் மாத்திரைகள், காலையும் இரவும்.
கட்டிய நாய் திருடனையும் விட்டுவிடும்.

புத்தகத்தில் பதில் இருக்கிறது.
தோலில் தங்கும் இனம் தோலிலேயே தங்கும்,
ஈரலையும் மண்ணீரலையும் தேடிப் போவது வேறு இனம்,
வழக்கமாக.

அந்த வழக்கமாகவின் மேல்
என் விரல் எத்தனை முறை நின்றிருக்கும்!
அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், சிலர்:
தோல் இனம்தான், ஆனால் மஜ்ஜையில் கிடைத்தது.
நாங்கள் பிரித்த அத்தியாயங்களை
அதற்கு யார் வாசித்துக் காட்டினார்கள்?

“டாக்டரைக் கேளுங்கள்” என்றேன்.
அதைவிடக் கோழைத்தனமான வாக்கியம்
எந்த மொழியிலும் எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி, அவருடைய எலும்பு மஜ்ஜை வந்தது.
கண்ணாடியில் இழுத்துப் பரத்திய ஒரு துளி.
ஒரு வட்டம்,
நகர்த்தி இன்னொரு வட்டம்.
நூறாவதில் டீ ஆறிப்போயிருந்தது.
முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு புள்ளி.
கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது.
திருகினேன், ஒளியைக் கூட்டினேன்.
கோடு இல்லை. சாயத் தூசி.
ஆயிரம் வரை போனேன், யாரும் கேட்காமலே.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத எனக்கு உரிமையில்லை.
நான் பார்க்காத வட்டங்கள்
ஒரு முழு ஆளின் அளவு, எழுபத்திரண்டு கிலோ.
எழுதினேன்: காணப்படவில்லை.
கையெழுத்து. நேரம், நாலு பத்து.

டாக்ஸி வரிசையில் அவர் எனக்கு மூன்று பேர் முன்னால்,
கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து.
திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
நானும் அந்த அடிவயிற்றின் பக்கம் பாராமல்
மழை வரும்போலிருக்கிறது என்றோ என்னவோ சொன்னேன்.
வானத்தில் ஒரு மேகம் கிடையாது.