மூன்றாவது கல்

முதல் இரவு
வரிசையில் எனக்கு முன்னால்
பதினோராயிரத்து நாற்பது பேர்.
வினிபெக்கில் மைனஸ் முப்பத்திரண்டு.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரைச்
சுவரில் செருகிவிட்டு வந்து பார்த்தால்
பதினோராயிரத்து நாற்பத்தாறு.
நிற்க நிற்க முன்பக்கம் வளரும் வரிசையை
அன்றுதான் கண்டேன்.

எண்பது டாலருக்கு வாங்கிய உலகம்.
பிரைன்ஹோல்ட் என்று பெயர்.
படகோட்டிக்கு முகம் இல்லை:
இரண்டு கண், ஒரு வரிசைப் பல்,
அந்தரத்தில் நின்று "ஏறுங்கள்" என்றன.
ஏறினோம். படகு போனது.
நாங்கள் உட்கார்ந்த வாக்கில்
கரையிலேயே இருந்தோம்.
வெட்டுப்பட்ட ஓநாய் விழ மறந்து
நின்றபடி செத்திருந்தது.
சந்தையில் ஒருத்தி அழுதால்
சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு அந்தக் கற்பாலம்.
நடுவில், இடமிருந்து மூன்றாவது கல்.
மிதித்தால் உலகம் கைவிட்டுவிடும்.

விழுந்தேன்.
பூமிக்கு அடியில் பூமி இல்லை.
வெறும் நீலம்.
தலைக்கு மேலே வேரில்லாத மரங்களின் அடிப்பக்கம்,
ஊர்ப்பட்ட சனத்தின் உள்ளங்கால்கள்.
எனக்கு முன்பே ஒருத்தி விழுந்து கிடந்தாள்,
பெரிய கோடரியோடு,
வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில்.
தூக்கிவிட ஆள் வருமென்று
மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

மாரிசெல். டிரான்ஸ்கோனாவில் இருக்கிறாள்,
என் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.
முதியோர் இல்லத்தில் வேலை.
இரண்டு கிழவர்கள் பல்செட்டை மாற்றிப் பூட்டி
ஒரு வாரம் இறைச்சி சாப்பிட்ட கதை சொன்னாள்.
நான் போர்ட்டேஜ் அவென்யூவில் பஸ் ஓட்டுகிறவன்.
கடைசித் தரிப்பில் தூங்கிப்போன ஒருவனை
எழுப்ப மனமில்லாமல்
இன்னொரு சுற்றுக் கொண்டுபோனதைச் சொன்னேன்.
வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்.
அடுத்த நாள் தெரிந்தே அந்தக் கல்லை மிதித்தோம்.
அதற்கடுத்த நாளும்.

திருத்தங்கள் செவ்வாய்க்கிழமைகளில் வந்தன:

படகோட்டிக்கு முகம் வழங்கப்பட்டது.
ஓநாய்கள் இனிப் படுத்துச் சாகும்.
மீன்கள் மரம் ஏறுவது நிறுத்தப்பட்டது.
அழுகை, அழுகையாகவே கேட்கும்.

யாரோ ஓர் எஞ்சினியர், நித்திரையில்லாமல்,
கடவுளின் மிச்ச வேலையைச்
சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

பொய் சொல்லக்கூடாது, நல்ல கேம் ஆகிவிட்டது.
வரிசை இல்லை.
அலை பாறையில் அடித்தால்
கன்னத்தைத் துடைக்கத் தோன்றும்.
திட்டிவிட்டுப் போனவர்கள்
திட்டியதை மறந்து திரும்பினார்கள்.
மாரிசெல் வரவில்லை.
மார்ச்சிலேயே கேட்டு வாங்கிவிட்டாள்,
எண்பது டாலரையும்.
வருகிற பனிக்கு டயர் மாற்ற வேண்டும் என்றாள்.
நல்ல காரியம் என்றேன்.
நல்ல காரியம்தான்.

நாற்பத்தோராவது வாரம்:
கற்பாலத்தின் மூன்றாவது கல் சரிசெய்யப்பட்டது.
அதே இரவு எனக்கொரு மின்னஞ்சல்.
உங்கள் புகார் தீர்க்கப்பட்டது,
பொறுமைக்கு நன்றி.

என் புகார்.
விழுந்த ஆத்திரத்தில்,
அவள் "ஹலோ" என்று தட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்பு,
படம் இணைத்து, இடம் குறித்து,
மூன்று ஆச்சரியக்குறி போட்டு நான் அனுப்பியது.

எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.
நான்கு கொடுத்தேன்.
ஏன் ஐந்து இல்லை என்று ஒரு பெட்டி திறந்தது.
அதில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது
கொஞ்ச நேரம்.

இன்றைக்கு முதல் பனி.
காருக்கு வயர் செருகிவிட்டு வந்து
பாலத்தில் நிற்கிறேன்.
கல் ஆடவில்லை.
பளபளக்கும் கவசத்தோடு புதியவன் ஒருவன்
குதிரையை நிறுத்தி
உதவி வேண்டுமா என்கிறான்.
ஒன்றுமில்லை,
சும்மா குதித்துப் பார்க்கிறேன் என்கிறேன்.
இறங்கி வந்து,
காரணம் கேட்காமல்,
என் பக்கத்தில் நின்று
அவனும் குதிக்கிறான்.