இருநூறு பார்

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் மூச்சு வாங்குது.
இஷா தொழுதுட்டு வந்து சீனி இபுராம்சா சுவிட்சைப் போட்டா
விடியக்காலம் கரையில ஏலச்சத்தம் கேக்குறவரைக்கும்
டக் டக் டக்.
பழகிப்போச்சு.
கரண்டு போனாத்தான் எனக்கு முழிப்புத் தட்டும்.

அடுப்புக்கு வர்ற காஸு அது.
மஞ்சக் குழாயில வர்ற வேகத்துக்கு
ஒரு பலூனைக்கூட ஊதி முடிக்காதாம்.
அதைப் பிடிச்சு, அழுத்தி, அழுத்தி,
கார் டிக்கியில படுத்திருக்கிற உருளைக்குள்ள
இருநூறு பாருக்கு ஏத்துறார்.
பார்னா என்னன்னு கேட்டேன்.
"உன் தம்பி சங்குக்கு ஆறு பாகம் இறங்குவான்ல,
காது அடைக்கும்ல, அதுதான் ஒரு பார்.
இருநூறு தடவை இறங்கணும்,
நடுவுல ஏறாம."
அவ்வளவு ஆழம் வேதாளைக் கடல்ல எங்க இருக்கு?
இங்க இடுப்புத் தண்ணியில அரை மைல் நடக்கலாம்.

ராம்நாட்டு பங்க்ல வரிசை நின்னா ரெண்டு மணி நேரம்,
மதுரை ஏர்போர்ட் சவாரி கைவிட்டுப் போயிரும்.
"நம்ம மண்ணுக்கு அடியில எடுத்ததை
முப்பது கிலோமீட்டர் போய்க் கெஞ்சி வாங்கவா?"
மஸ்கட்ல பதினோரு வருசம்
கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு காது மந்தமானவர்.
மெஷின் என் தம்பி கூட்டாளிகளோடது.
தண்ணிக்கடியில மூச்சு விட உருளைக்குக் காத்து ஏத்தினது.
சும்மா கிடந்ததை எடைக்கு வாங்கினார்.
உள்ள போறது காத்தா காஸான்னு
அதுக்கு என்ன தெரியும்?

"நம்பு, ஒண்ணும் ஆகாது"ம்பார்.
என் பேர் நம்புச்செல்வி.
என்னைக் கூப்பிடுறாரா, நம்பச் சொல்றாரா,
இதுவரைக்கும் தெரியல.

காஸுக்குச் சொந்தமா வாசம் கிடையாதாம்.
ஒழுகினா தெரியட்டும்னு
ஒரு நாத்தத்தைக் கலந்து அனுப்புறாங்களாம்.
கலந்தவன் எங்க தெருவுக்கு வந்ததில்ல.
இந்தப் பக்கம் சாளை காயும்,
அந்தப் பக்கம் காரல் காயும்,
தொட்டியில திருக்கை ஊறும்.
இந்தத் தெருவுல மூக்கெல்லாம்
எப்பவோ கதவைச் சாத்திக்கிச்சு.

தை மாசம். காத்து விழுந்த ராத்திரி.
ரெண்டு மணி இருக்கும்.
படுத்த இடத்துலயே தெரிஞ்சது.
திருக்கை இல்ல.
உப்புப் பத்தாத நெத்திலி இல்ல.
நான் கைபோட்ட எதுவும் இல்ல.

சுவரைக் குத்தினேன்.
ஓடிப்போய்க் கதவைக் குத்தினேன்.
"பாய்!"
திறந்தவர் கை சுவிட்சுப் பக்கம் போச்சு,
பாதியில நின்னுச்சு.
இருட்டுலயே வெளிய ஓடி, தெருமுனை மீட்டர் பெட்டியில
ஃபியூசைப் பிடுங்கினார்.
டக்
நின்னுச்சு.
தெருவே முழிச்சுக்கிச்சு.

ரகுமத் நிஷா பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா.
வலைக்குவியல் பக்கம் எல்லாரும் மணல்ல உக்காந்தோம்,
கொண்டல் வரட்டும்னு.
கருப்பணன் காதுல இருந்த பீடியை எடுத்தான்.
பிடுங்கி மணல்ல புதைச்சேன்.
அப்பத்தான் அவனுக்கு நடுக்கம் வந்தது.

காலையில சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தார்.
ஒரு மரை. ஒரே ஒரு மரை.
நண்டு வளையில முட்டுற மாதிரி நுரை.
"விட்டுருங்க பாய்"னேன்.
ரகுமத்தும் சொன்னா, நாலு நாள் பேசாமலும் இருந்தா.
கார் கடன் இன்னும் பதினாலு மாசம் இருக்கு.
அஞ்சாம் நாள் மெஷினை வெளிய தூக்கி,
நாலு பக்கமும் தொறந்த ஒரு கீத்துக் கொட்டகையில
வச்சார்.

இப்பவும் ராத்திரியானா
சுவிட்சு போடுறதுக்கு முன்னாடி
சுவருக்கு மேல குரல் வரும்.
"நம்பு?"
எந்திரிச்சு, கருவாட்டு வலையைச் சுத்தி ஒருதரம் நடந்து,
மூச்சை இழுத்து,
கொஞ்சநேரம் உள்ளயே வச்சிருந்து,
விட்டுட்டுச் சொல்லுவேன்:
"மீனுதான்."